“வேணாம்” என்று சொல்ல ஓர் ஆள்

கூட்டத்தின் தலைவர் பெரியவர் லூர்துசாமி அவர்களே, கடலூரிலிருந்தும் சிதம்பரத்திலிருந்தும் வந்திருக்கும் கட்டற்ற மென்பொருள் நண்பர்களே, முன்வரிசையில் அமர்ந்திருக்கும் நம் நண்பனின் மனைவி, தங்கை ஆரோக்கிய அனிதா அவர்களே!

பின்னாலிருக்கும் பேனரில் ‘மறைந்த’ என்று அச்சடித்திருக்கிறார்கள். யாரை? நம் லூர்து பிரகாஷையா? நாற்பத்திரண்டு வயதுக்காரனையா? செவ்வாய்க்கிழமை காலை என்னிடம் போனில் சண்டை போட்டவன், பத்தரை மணிக்குத் திருப்பாதிரிப்புலியூர் ரயில் ஸ்டேஷனில் மாரடைப்பில் சரிந்தான் என்றால் எப்படி நம்புவது? நான் இன்னும் நம்பவில்லை ஐயா!

அவருக்குப் பிழைப்பு கம்ப்யூட்டர் சர்வீஸ் கடை. உயிர் லினக்ஸ். உலகமே பயன்படுத்தும் அந்த இயங்குதளத்தில், கம்ப்யூட்டரை இணையத்தோடு இணைக்கும் நெட்வொர்க் கார்டுகளுக்கான ஒரு சிறு பகுதிக்கு அவர்தான் பராமரிப்பாளர். எவ்வளவு பெரிய கம்பெனி அதன் நிரலுக்குத் திருத்தம் எழுதி அனுப்பினாலும், அவர் பார்த்து ஒப்புக்கொண்டால்தான் மேலே போகும்.

எனக்கு எரிச்சல். “கோடி கோடியா சம்பாதிக்கிறவன் எதுக்குடா சும்மா எழுதித் தர்றான்?” என்று கேட்டேன். சிரித்தார்.

“தர்மம்னு நெனச்சியா மச்சான்? திருத்தத்த அவன் தனியா வச்சிக்கிட்டா, புது வெர்ஷன் வரும்போதெல்லாம் அவனே மறுபடி ஒக்காந்து ஒட்டணும். பொதுவுல சேத்துட்டா எல்லாருமா பாத்துக்குவோம். அவனுக்கும் லாபம், நமக்கும் லாபம். ஆனா சில நேரம் அவன் மிஷினுக்கு மட்டும் ஓடற மாதிரி எழுதுவான். அப்ப ‘வேணாம்’னு சொல்ல ஒரு ஆளு வேணும்.”

சொன்னதைச் செய்தும் காட்டினார்! போன மாதம் ஒரு கம்பெனியின் திருத்தத்தை மூன்று முறை திருப்பி அனுப்பினார். அது சேர்ந்திருந்தால் சேத்தியாத்தோப்புப் பள்ளிக்கூடத்தில் நாம் பொருத்திக்கொடுத்த பழைய கம்ப்யூட்டர்களில் இணையம் நின்றிருக்கும். நான்காம் முறை ஒழுங்காக எழுதி அனுப்பினார்கள்.

செவ்வாய்க்கிழமை என்ன சண்டை? “பராமரிப்பாளர் லிஸ்ட்ல ஒம் பேரையும் எம் பேரு பக்கத்துல போடறேன் மச்சான், ஒத்த ஆளா இருக்கக் கூடாது” என்றார். மூன்று வருடமாகக் கேட்டவர். “எனக்கு வேல ஜாஸ்தி, ஆள வுடு” என்று போனை வைத்தேன். நான் அவரிடம் கடைசியாகப் பேசியது அதுதான். சொல்லவே வெட்கமாக இருக்கிறது.

நேற்று அதே கம்பெனியின் பொறியாளர் மெயில் அனுப்பியிருக்கிறார். இரங்கல் சொல்லிவிட்டு, “இந்தப் பகுதியை இனி நாங்களே பார்த்துக்கொள்ளட்டுமா?” என்று கேட்டிருக்கிறார். நல்ல மனதோடுதான் கேட்கிறார். ஆனால் எழுதுகிறவர்களே சரிபார்க்கவும் செய்தால், நம் பழைய கம்ப்யூட்டர்களுக்காக யார் பேசுவது?

நண்பர்களே! அவருக்குத் தெரிந்ததில் கால்வாசிகூட எனக்குத் தெரியாது. தப்பு செய்வேன், திட்டு வாங்குவேன், கற்றுக்கொள்வேன். மேடை ஏறுவதற்கு முன் பதில் அனுப்பிவிட்டேன்: “திருத்தங்களை அனுப்புங்கள். பார்ப்பதற்கு இங்கே ஆள் உண்டு. பெயர் கலைமணி.”

பேரப் போட்டுட்டேன் மச்சான். பாக்கத்தான் நீ இல்ல.