நீல மூடி

— கொட்டாவி விடாதீங்க சம்பந்தி. கண்ணாடிக்கு அந்தப் பக்கம் அரண்மனைச் சாட்சி உக்காந்து நம்மளையே பாத்துட்டு இருக்காரு.

— பாக்கட்டுமே சம்பந்தியம்மா. நாம பேசறது அவருக்குக் கேக்கவா போகுது? பெரியவங்க வர்றதுக்கு முன்ன காத்துல விஷம் இருக்கான்னு பாக்க, மூடின மண்டபத்துல ஒரு மணி நேரம் மூச்சு விடறதுதான் நம்ம உத்தியோகம். கொட்டாவியும் மூச்சுல சேர்த்திதான்.

— இன்னைக்காவது நிமிந்து உக்காருங்க. இருபத்திரண்டு வருஷமா வெட்டிக்கிட்ட ரெண்டு வம்சம், இன்னும் கொஞ்ச நேரத்துல இங்கதான் ஒப்பந்தம் போடப்போகுது.

— அட விடுங்க. உங்க தண்ணி வம்சம் தண்ணி வர்ற பனி நிலாவை அடைச்சா, எங்க வாசல் வம்சம் கப்பல் போற நட்சத்திர வாசலை அடைக்கும். தாகத்துல செத்தவன் என் தம்பி, கப்பலோட சிக்கிச் செத்தவன் உங்க அண்ணன். பெரிய வீட்டுல ஒரு பூனைக்குட்டிகூடச் சாகல.

— அதெல்லாம் இப்போ எடுக்காதீங்கன்னா எடுக்காதீங்க. நல்ல நாளு. என் பொண்ணு வேற வரப்போறா.

— என் மருமகளா? அவ எதுக்கு இங்க?

— தாதி வராம பின்ன யாரு வருவா? சக்கரவர்த்தி இல்லாம ஒப்பந்தம் செல்லாது. சக்கரவர்த்திக்கு வயசு பத்து மாசம். அவ இடுப்பை விட்டு இறங்காது அது.

— அதுவும் சரிதான். எனக்கே அவளைக் கண்டா பயம். இருமலுக்கு அவ குடுத்த மருந்தைப் பூந்தொட்டியில ஊத்தினேன்னு ஒரு வாரம் திட்டினா.

— செடி பட்டுப்போச்சாமே! அறுபது வயசுக்குக் கசப்பு ஆகாதாம். ஏன் கையை அக்குள்ள வெச்சுக்கிட்டு இருக்கீங்க?

— குளிருது.

— எனக்கு ஒண்ணும் தெரியலியே. காலையில எங்க காரியஸ்தர் மருந்து குடுத்தாரு, மண்டபம் குளிரும்னு. நீல மூடி போட்ட சின்னக் குப்பி. வேப்பெண்ணெய் தோத்துது, அவ்வளவு கசப்பு. குடிச்சு முடிக்கிற வரைக்கும் எதிர்லயே நின்னாரு.

— நீல மூடியா?

— ஆமா. ஏன்?

— எங்க காரியஸ்தரும் அதே குப்பியைத்தான் நீட்டினாரு. அதே வார்த்தைதான் சொன்னாரு.

— ஒரே கடையில வாங்கியிருப்பாங்க.

— ஒருத்தருக்கொருத்தர் குடிக்கத் தண்ணி குடுக்காதவங்க, ஒரே குப்பி மருந்தைப் பங்கு போட்டுக்குவாங்களா? நேத்து இந்த மண்டபத்துக்குக் காத்து நிரப்பினது யாரு?

— ரெண்டு வீட்டு ஆளும்தான். எப்பவும் அடிதடி ஆகும், இந்தத் தடவை சிரிச்சுப் பேசி முடிச்சாங்களாம்... சம்பந்தி, அப்படின்னா?

— காத்துல என்னமோ கலந்திருக்கு. நாம ரெண்டு பேரும் நல்லா நடந்து வெளிய போனா, காத்து சுத்தம்னு முத்திரை விழும். அதுக்குத்தான் அந்த மருந்து.

— அப்போ ஒப்பந்தம் போட வர்ற பெரியவங்க?

— அவங்களும் நீல மூடியைத் திறந்திருப்பாங்க. குடிக்காம இதுக்குள்ள வரப்போறது யாருன்னு யோசிச்சுப் பாருங்க.

— குழந்தை. அது போயிட்டா ஆளுக்குப் பாதி சாம்ராஜ்யம்... ஐயோ, என் பொண்ணு! அவளும் குடிச்சிருக்க மாட்டாளே! கண்ணாடியைத் தட்டறேன் நான்.

— உக்காருங்க! தட்டினா சாட்சி யாரைக் கூப்பிடுவாரு? வாசல்ல நிக்கிற காரியஸ்தருங்களைத்தான். நமக்குப் புத்தி பேதலிச்சுப்போச்சுன்னு இழுத்துட்டுப் போய், வேற ரெண்டு பேரை உக்கார வெப்பாங்க. அவங்களுக்கும் ஒரு குப்பி வெச்சிருப்பாங்க.

— அதுக்காக அவளை உள்ள வரவிட்டு வேடிக்கை பாக்கச் சொல்றீங்களா?

— நம்ம வேலையில இருக்கறது ஒரே சட்டம். உள்ள இருக்கற ஒருத்தர் செத்து விழறதைச் சாட்சி கண்ணால பாத்தா, சங்கு ஊதறது அவர் கடமை. அப்புறம் குழந்தையையும் தாதியையும் காவல்படை தூக்கிட்டுப் போயிடும். எந்த வம்சமும் கிட்ட வர முடியாது.

— நான் விழறேன். நடிக்கிறேன்.

— வைத்தியர் நாடி பிடிச்சுப் பாக்காம சங்கு ஊத மாட்டாங்க.

— நாமதான் மருந்து குடிச்சிட்டோமே! பெத்தவ சாகறதுக்குக்கூட வழி இல்லாமப் பண்ணிட்டாங்களே, பாவிங்க!

— அழாதீங்க. நம்ம நேரம் முடிஞ்சு மணி அடிக்க இன்னும் எவ்வளவு இருக்கு?

— கால் மணி.

— போதும். என் நாற்காலியைக் கொஞ்சம் கண்ணாடிப் பக்கமாத் திருப்பி விடுங்க. கால் எனக்கு ஒத்துழைக்கல.

— கால் ஏன் ஒத்துழைக்கல? சம்பந்தி, உதடெல்லாம் ஏன் இப்படி வெளுத்துக் கிடக்கு?

— மருந்தை வாயில அடக்கி வெச்சிருந்து, காரியஸ்தர் திரும்பினதும் பூந்தொட்டியில துப்பிட்டேன் சம்பந்தியம்மா... இந்த ஒரு தடவை மருமக என்னைத் திட்ட மாட்டா.