ஆறாவது குரல்

தேநீர் நன்றாக இருக்கிறது ஐயா. ஸ்டேஷன் தேநீரைப் பற்றி வெளியில் சொல்வதெல்லாம் சும்மா. உங்கள் ஏட்டு சர்க்கரையைக்கூட அளவாகப் போட்டிருக்கிறார்.

கேட்டதற்கெல்லாம் பதில் சொல்கிறேன், மறைக்க ஒன்றுமில்லை. அதற்கு முன்னால் அந்த மேசைமேல் இருக்கும் மரப்பெட்டியை ஒரு தரம் பார்த்துவிடுங்கள். ஆதாரம் என்று சீட்டு ஒட்டியிருக்கிறீர்கள், பரவாயில்லை. அது என் கையால் செய்த சிந்தசைசர், மின்சாரத்தில் பாடும் கீபோர்டு. வீட்டில் செய்கிறவர்கள் பெரும்பாலும் ஒரே குரலோடு நிறுத்திக்கொள்வார்கள். ஒரு கட்டையை அழுத்தினால் ஒரு சுரம், அடுத்ததைத் தொட்டால் முதலாவது வாயை மூடிக்கொள்ளும். என்னுடையதில் எட்டு விரல் வைத்தால் எட்டும் சேர்ந்து பாடும். குரலுக்கு ஒரு சர்க்யூட் பலகையாக, எல்லாவற்றையும் நானே பற்றவைத்தேன். என் மனைவி சாப்பாட்டு மேசையை எனக்கு விட்டுக்கொடுத்துவிட்டுத் தட்டை மடியில் வைத்துச் சாப்பிட்டாள். அப்படிப்பட்டவள்.

இந்த வகைக் கருவியில் ஒரு தொல்லை உண்டு. உள்ளே சூடேறினால் சுருதி நகரும். அதற்கென்றே சூட்டுக்கு ஈடுகொடுக்கும் ஒரு ரெசிஸ்டரைப் பலகைதோறும் போட வேண்டும். ஆறாவது பலகையில் மாட்டும்போது அதன் கால் ஒடிந்துவிட்டது. கடையில் வேறு இல்லை. சாதாரண ரெசிஸ்டர் ஒன்றைப் போட்டுச் சமாளித்தேன். சின்ன விஷயம், பேச்சோடு பேச்சாக வந்துவிட்டது.

மச்சானைப் பற்றித்தானே கேட்டீர்கள்? என் மனைவியின் அண்ணன். பியானோவுக்குச் சுருதி சேர்ப்பதுதான் அவருக்குப் பிழைப்பு. பள்ளிக்கூடம், பாட்டு வகுப்பு, பெரிய வீடுகள் என்று எங்கே பியானோ இருந்தாலும் அவரைத்தான் கூப்பிடுவார்கள். தங்கமான மனிதர். எனக்கு அவர்மேல் துளியும் பகை கிடையாது. அதை எழுதிக்கொள்ளுங்கள்.

என் மனைவிக்கு அண்ணன் காது என்றால் அப்படி ஒரு நம்பிக்கை. "அண்ணன் சரின்னு ஒரு வார்த்தை சொல்லட்டும், அப்புறம் சொந்தக்காரங்க எல்லாரையும் கூப்பிட்டு நீங்க வாசிக்கலாம்" என்றாள். நியாயம்தான். ஞாயிற்றுக்கிழமை அவர் வந்தார். சாவகாசமாகப் பேசி, தேநீர் குடித்து, பெட்டி நன்றாகச் சூடேறிய பிறகு ஒவ்வொரு சுரமாகத் தட்டினார். முகம் மலர்ந்துகொண்டே வந்தது. பிறகு புருவம் சுருங்கியது.

"மாப்ளே, பிரமாதம் போங்க. ஒண்ணே ஒண்ணு. எட்டுல ஒண்ணு மட்டும் கொஞ்சம் கீழ இழுக்குது. ஆறாவதுன்னு நினைக்கிறேன்."

அவர் போன பிறகு, மறுநாள் காலையில் பெட்டியைப் போட்டதும் போடாததுமாக, சுருதி காட்டும் மீட்டரை வைத்துப் பார்த்தேன். முள் நட்ட நடுவில் நின்றது. அடுத்த ஞாயிறும் வந்தார், அதையே சொன்னார். அதற்கடுத்த ஞாயிறும். "கோவிச்சுக்காதீங்க மாப்ளே, காதுல விழுதே, நான் என்ன பண்ணட்டும்?" என்று சிரித்தார். நானும் சிரித்தேன். ஒவ்வொரு திங்கட்கிழமைக் காலையும் மீட்டர் என் பக்கம்தான் பேசியது.

யோசித்துப் பாருங்கள் ஐயா. கருவியில் பிழை இல்லை. என் வேலையிலும் இல்லை. பிறகு பிழை எங்கே இருக்க முடியும்? அவரே வாயைத் திறந்து சொல்லிவிட்டார், காதுல விழுதே என்று.

பிழை எந்தப் பலகையில் இருக்கிறதோ அந்தப் பலகையில்தானே கை வைப்போம்?

அந்த வாரம் ஹெட்போன் கொண்டுவந்தேன். "மச்சான், வெளிச் சத்தம் இல்லாம ஒரு தடவை கேட்டுப் பாருங்க" என்றேன். குழந்தை மாதிரி ஆவலோடு மாட்டிக்கொண்டார். கண்ணைக்கூட மூடிக்கொண்டார். வயரை வழக்கமான இடத்தில் செருகாமல், கூடத்தையே அதிரவைக்கும் பெரிய ஆம்ப்ளிஃபயரில் செருகியிருந்தேன். சத்தத்தைக் கூட்டும் குமிழைக் கடைசிவரை திருப்பிவிட்டு எட்டு விரலையும் வைத்தேன். எனக்குக் கொசு பாடுகிற அளவுதான் கேட்டது. அவர் ஹெட்போனைப் பிடுங்கி எறிந்துவிட்டுத் தரையில் சுருண்டு கிடந்தார். நான்தான் தூக்கிப்போய் ஆட்டோவில் ஏற்றினேன். ஆஸ்பத்திரியில் பக்கத்திலேயே இருந்தேன். அதையும் எழுதிக்கொள்ளுங்கள்.

இப்போது பக்கத்தில் போய்க் கத்தினால் பாதி புரிகிறது. வேலைக்குப் போவதில்லை. சுருதி பார்க்கும் இரும்புக் கவையைத் தட்டிப் பல்லில் கடித்துக்கொண்டு ஜன்னலோரம் உட்கார்ந்திருக்கிறார். அதிர்வு தெரிகிறதாம். ஓய்வு அவருக்கும் வேண்டியதுதான், எத்தனை வருஷ உழைப்பு.

நல்லதையும் சொல்ல வேண்டும். போன ஞாயிறு சொந்தக்காரர்கள் அத்தனை பேரும் வந்தார்கள். மச்சானை முன்னால் உட்காரவைத்தோம். நான் வாசிக்க வாசிக்கப் பெட்டிமேல் உள்ளங்கையை வைத்துக்கொண்டே இருந்தார். முடிந்ததும் கூடம் முழுக்கக் கேட்கும்படி, "ரொம்ப நல்லா இருக்கு மாப்ளே" என்றார். எல்லாரும் கைதட்டினார்கள். எனக்குக் கண் கலங்கிவிட்டது. ஆறாவது குரலைப் பற்றி ஒரு சொல் இல்லை. பிழை எங்கே இருந்தது என்பது அதிலேயே நிரூபணமாகிவிட்டது.

என் மனைவிதான் கைதட்டவில்லை. விருந்து முடிந்து கூடத்தைப் பெருக்கும்போது, ஹெட்போன் செருகி இன்னும் ஆம்ப்ளிஃபயரின் பின்னாலேயே இருந்ததைப் பார்த்துவிட்டாள். வீட்டில் வயர்களைச் சுற்றி வைப்பது எப்போதும் அவள்தான், எது எங்கே போக வேண்டும் என்று அவளுக்குத் தெரியும். துடைப்பத்தைச் சாத்திவிட்டு நேராக உங்களிடம் வந்துவிட்டாள். கூடப்பிறந்த பாசம், நான் குறை சொல்ல மாட்டேன்.

ஆமாம், செய்தது நான்தான். தெரிந்தேதான் செய்தேன். கையெழுத்து எங்கே வேண்டும், சொல்லுங்கள்.

ஒரே ஒரு விஷயம். காலையில் உங்கள் ஏட்டு, பெட்டி வேலை செய்கிறதா என்று பார்க்கப் போட்டுவிட்டு, வேறு வேலையாகப் போய்விட்டார். வெகு நேரம் கழித்து வந்து ஆசையாக வாசித்தார். நல்ல கை. எங்கோ கச்சேரிகளில் பாடுகிறவராம். தேநீர் கொடுக்கும்போது என் காதோடு சொன்னார், "பெட்டி சூப்பர் சார். ஒண்ணு மட்டும் லேசா கீழ இறங்குது, கவனிச்சீங்களா?"

பாவம், நல்ல மனிதர். அவருக்கும் இந்தக் கோளாறு இருக்கிறது. ஹெட்போன் அந்தப் பையில்தான் இருக்கிறது, ஆம்ப்ளிஃபயரும் பக்கத்திலேயே இருக்கிறது ஐயா. அவரை ஒரு நிமிஷம் உள்ளே வரச் சொல்லுங்கள், வயரை நானே செருகித் தருகிறேன்.