போவனும் போகப்போறனும்

— பிழை அப்பா. ‘ஐ வில் குக்’ எண்டா இப்ப, இந்த நிமிஷம் மனசில பட்டதைச் சொல்லுறது. முதலே யோசிச்சு முடிவெடுத்ததெண்டா ‘ஐ ஆம் கோயிங் டு குக்’.

— எடியே மேனுகா, இதுக்கோ இவ்வளவு பாடு? எங்கட சமைப்பனும் சமைக்கப்போறனும்தானே!

— அட, பென்சன் எடுத்தும் மூளை நல்லாத்தான் ஓடுது. சரி, நீங்களா ஒண்டு சொல்லுங்கோ.

— ஐ ஆம் கோயிங் டு... கொட்டாஞ்சேனை.

— ஐயோ, அது கால் போற கோயிங். ஊர்ப் பேர் வந்தா உண்மையாவே பஸ் ஏறவேணும். வினைச்சொல் வந்தாத்தான் திட்டம்.

— நான் உண்மையாத்தான் பஸ் ஏறப்போறன்.

— திரும்பவுமோ? முந்தநாளும் வெள்ளவத்தையில இருந்து ரெண்டு பஸ் மாறிப் போனனீங்கள். அங்க என்ன?

— மேபல் வீட்டை. தண்ணி கொதிக்க வைக்கிற கேத்தில் வேலை செய்யுதில்லையாம்.

— போன கிழமை ஃபேன். அதுக்கு முதல் தண்ணிக் குழாய். உங்களோட ஸ்டோர்ஸில வேலை செய்த காலத்தில மேபல் அன்ரி ஒண்டையும் உடைக்கேல்லையே?

— பகிடி பண்ணாதை. புருஷனும் இல்லாத தனி மனுசி.

— அம்மா போனாப் பிறகு நீங்களும்தான் தனி. ஆனா எங்கட கேத்தில் பழுதானா என்னையெல்லோ கடைக்குக் கலைக்கிறீங்கள்!

— அதை விடு. சொல்லன் பாப்பம், மெல்பேணில பிரியந்தனை இன்னும் எவ்வளவு காலம் காக்க வைக்கப்போறாய்? மோதிரம் மாத்தியும் ஆச்சு.

— கதையை மாத்தாதேங்கோ. உங்களைத் தனிய விட்டிட்டு வரேலாதெண்டு அவருக்குச் சொல்லிப்போட்டன். ம், வசனம். கோயிங் டு, பின்னால வினைச்சொல்.

— சிரிக்கமாட்டியே?

— டீச்சர்மார் சிரிக்கிறேல்லை.

— ஐ ஆம் கோயிங் டு மேரி மேபல்.

— அப்பா! முதல் ஊர்ப் பேர், இப்ப ஆள் பேரோ? அன்ரியின்ர முழுப் பேர் மேரி மேபலே? வினைச்சொல் எங்க?

— மேரிதான் பிள்ளை வினைச்சொல்.

— மேரி வினைச்சொல்லெண்டா...

— கலியாணம் கட்டப்போறன்.

— இது... இப்ப மனசில பட்டதோ?

— இல்லை. வைகாசியிலேயே முடிவெடுத்தாச்சு. உனக்குத் தமிழில சொல்ல வாய் வரேல்லை. கோவமே?

— அம்மாவின்ர படம்?

— இருக்கிற இடத்திலதான் இருக்கும். மேபல்தான் அதை முதல் சொன்னவ.

— குழாயும் ஃபேனும் எண்டு என்னை நல்லாப் பேய்க்காட்டிப் போட்டீங்கள்.

— குழாய் உண்மையாவே ஒழுகினது! அழுறியோ சிரிக்கிறியோ?

— ரெண்டும். கலியாணத்தை நான் இஞ்ச நிக்கேக்கயே வையுங்கோ.

— அப்ப நீ பிரியந்தனிட்டப் போறியோ? இனி எனக்காக நிக்கத் தேவையில்லைப் பிள்ளை.

— போறன். ஆனா அப்பா, அவர் அங்க உங்களுக்கும் ஒரு அறை பாத்துத்தான் வீடெடுத்தவர். உங்களையும் கூட்டிக்கொண்டு போகத்தான் நான் உங்களுக்கு இந்த இங்கிலீஷே சொல்லித்தரத் தொடங்கினனான்.