கொர்பக்கானில் இரண்டு நாள்

— இல்லை தங்கச்சி, மசாஃபியிலெ வலப்பக்கம் திரும்புனா நேரா புஜைராவுலதான் போய் நிக்கும். நீங்க இடப்பக்கம் திரும்பணும், கேட்டியளா? திப்பா போயி, அங்கிருந்து தெக்காலெ இறங்குங்க. அப்புறம் கடலு இடக்கைப் பக்கம் உங்களோடயே வரும்.

— பொறுங்கோ சதக்கத்துல்லா நானா, இன்னொருக்காச் சொல்லுங்கோ. ஷார்ஜாவிலையிருந்து தைத், தைதிலையிருந்து மசாஃபி…

— அதேதான். தைத் தாண்டுனா ஒட்டகம் குறுக்கெ வரும், ஹாரன் அடிச்சாலும் நவுராது. அப்புறம் மலை. அரிசி மூட்டையும் பால் டின்னும் ஏத்திக்கிட்டு வாரா வாரம் போறவன் நான், எனக்கே அந்த வளைவுலெ யா அல்லாஹ்ன்னு வாயிலெ வந்துரும், கேட்டியளா? வண்டிய யாரு ஓட்டுறது, உங்க வீட்டுக்காரர் நவரத்தினம் சாரா?

— அவரோ? அவர் டெஸ்டிலை மூண்டு தரம் பெயில். நான்தான் ஓடப்போறன்.

— நீங்களா!

— ஏன் நானா, கமலேஸ்வரி ஓடினால் கார் ஓடாதோ?

— மாஷா அல்லாஹ், ஓடும் ஓடும். எங்க வீட்டுக்காரி காதுலெ மட்டும் இதைப் போட்டுறாதீய. நாளைக்கே அவளும் சாவி கேப்பா.

— கேட்டால் குடுங்கோவன்.

— குடுத்துட்டு நான் ஒட்டகத்துலெ கடைக்கு வரவா? சரி, விஷயத்துக்கு வாங்க. மொதல் நாள் திப்பாவுலெ தங்குங்க. மறுநாள் வழியிலெ பழைய மண் பள்ளிவாசல் ஒண்ணு இருக்கு, அதைப் பாத்துட்டு, கொர்பக்கான்லெ ஒரு டீயைக் குடிச்சுட்டுப் புஜைரா. மூணாம் நாள் கல்பா. அங்கெ உப்புத் தண்ணிக்குள்ளெ காடு மாதிரி மரம் நிக்கும், பிள்ளைக்குக் காட்டுங்க. கலாஸ், பெருநாள் லீவு முடிஞ்சு போச்சு.

— கல்பா வேண்டாம் நானா. கொர்பக்கானிலை ரெண்டு நாள் நிக்கோணும்.

— கொர்பக்கான்லெ என்னா இருக்கு? ஒரு துறைமுகம், ஒரு சூக்குக் கடைத்தெரு…

— என்ன இருக்கெண்டு உங்களுக்குத் தெரியும். போன மாசம் ஒரு ஆளை விசாரிக்கச் சொன்னனான்.

— ஜுலைஹா பீவி.

— ஓம். கண்டனீங்களோ?

— கண்டேன் தங்கச்சி. எங்கெ இருந்து ஆரம்பிக்கிறதுன்னு தெரியாமெதான் இவ்வளவு நேரமா ரோட்டைப் பத்தியே பேசிக்கிட்டு இருக்கேன்.

— சுகமாய் இருக்கிறாவோ?

— இருக்காஹ. துறைமுகத்துக்குப் பின்னாடி ஒரு அரபி வீட்டுலெ வேலை. அந்த லாத்தா உங்களுக்கு என்னா உறவு? அன்னிக்கே கேக்கணும்னு நெனச்சேன்.

— உறவு ஒண்டும் இல்லை. கொழும்பிலை, வெள்ளவத்தையிலை, பக்கத்து வீடு. எண்பத்து மூண்டு ஆடியிலை தமிழாக்கள்ரை வீடுகள் எரியேக்கை இவர் இஞ்சை ஷார்ஜாவிலை டியூட்டியிலை. நானும் பிள்ளையும் தனிய. மதிலாலை ஏறி விழுந்து அவவின்ரை வீட்டுக்குள்ளை ஓடினன்.

— பிள்ளை அப்போ கைக்குழந்தையா?

— ரெண்டு வயசு. அவவின்ரை மனுசன் வாசல்லை நிண்டு, இஞ்சை ஒருத்தரும் இல்லையெண்டு சத்தியம் பண்ணினார். அவ எங்களோடை கட்டிலுக்குக் கீழை கிடந்தா. பிள்ளை என்ரை கையிலை நிக்காமல் திமிறிச்சுது. அவதான் வாங்கி நெஞ்சோடை அணைச்சு வைச்சிருந்தா.

— யா அல்லாஹ்!

— விடிய எங்களை முகாமுக்கு அனுப்பிவிட்டா. பிறகு ஆரோ காட்டிக் குடுத்து, அவையின்ரை கடைக்கு நெருப்பு வைச்சிட்டாங்கள். மனுசன் அதோடை படுத்தவர், எழும்பவேயில்லை. இண்டைக்கு அவ ஆற்றையோ வீட்டிலை சட்டி கழுவுறா எண்டால் அது எங்களாலைதானே? எங்களைக் காணச் சம்மதிச்சாவோ நானா? இல்லையெண்டால் மறைக்காமல் சொல்லுங்கோ.

— உங்க பேரைச் சொன்னேன். கதவைப் புடிச்சுக்கிட்டே, பிள்ளை என்னா உசரம் வளந்திருக்கும்னு கேட்டாஹ. என் இடுப்புக்கு மேலெ கையை வச்சுக் காட்டுனேன். அந்தக் கையையே பாத்துக்கிட்டு இருந்தாஹ, கேட்டியளா?

— கோபம் இல்லையோ?

— கோவமா? நீங்க பொழைச்சுக் கெடக்குறதுக்கு ரப்புக்கு நன்றி சொன்னாஹ தங்கச்சி. அந்த வீட்டு அரபியம்மா நம்ம சரக்கு வாங்குறவுஹதான். நானே பேசினேன். பெருநாளுக்கு ரெண்டு நாள் லீவு குடுத்துட்டாஹ. பாவம் லாத்தா, தெரு முனையிலெ கடலு, வந்ததுலெ இருந்து ஒரு நாள் கால் நனைச்சதில்லையாம்.

— அப்ப எங்கடை காரிலை வருவாவோ?

— வருவாஹ.

— முன் சீட் அவவுக்கு. இவர் பின்னாலை இருந்து பயப்பிடட்டும்.

— சிரிக்கிறியளா, அழுவுறியளா?

— ரெண்டும்தான். நீங்கள் செய்த உதவிக்கு நான் என்னத்தைச் சொல்ல நானா?

— எனக்கு எதுக்கு? வாரா வாரம் போற ரோடு. இந்தத் தடவைதான் உருப்படியா ஒண்ணைக் கொண்டு வந்திருக்கேன்.

— அவவுக்கு என்ன வேணுமெண்டு கேக்கச் சொன்னனான். தையல் மெஷினோ, ஊரிலை இருக்கிற அவவின்ரை மகன்ரை படிப்போ, என்ன எண்டாலும். அவ செய்ததுக்கு ஈடில்லைத்தான், ஆனாலும் மனம் கேக்குதில்லை.

— கேட்டேன். ஒண்ணும் வேண்டாம்னு தலையெ ஆட்டிட்டாஹ. நான் வண்டியெ எடுத்ததும் ஓடி வந்து கண்ணாடியெத் தட்டுனாஹ.

— என்னவாம்?

— அவுஹ சொன்னதை அப்படியே சொல்றேன். "அந்தப் புள்ளய ஆளில்லாத கடக்கரையாப் பாத்துக் கூட்டிக்கொண்டு வரச் சொல்லுங்க. அது ஆசை தீரக் கத்தோணும், நான் கேக்கோணும். அண்டைக்கு ராவு முழுக்க அதுட வாயப் பொத்திக்கொண்டு இருந்த கை இது. இன்னும் தூக்கத்துல எழும்பி, புள்ளக்கி மூச்சு ஈக்குதா எண்டு தேடுது."