மச்சினன் பெயரில் ஒரு வரி

ஒரு சிறுநீரகம் என்ன விலை என்று கேட்டால் நான் சொல்வேன், ஐயா: ஆயுள் முழுக்க மாமியார் வீட்டில் ஞாயிற்றுக்கிழமை மதியச் சாப்பாடு. எனக்குக் கொடுத்தவன் என் மச்சினன், மனைவியின் தம்பி. அவன் ஒருநாளும் சொல்லிக்காட்டியதில்லை. அவனுக்கும் சேர்த்து அவன் அம்மா சொல்லிக்காட்டுவார்.

“உப்பைப் பாத்துப் போடுடி. உள்ள இருக்கறது எம் புள்ளையோடது.”

“விடும்மா, அத்தானுக்குக் குடுத்தாச்சு. இனி அவர் பாடு,” என்று சிரிப்பான். சாப்பாடு செரித்துவிடும், அந்தச் சிரிப்புதான் செரிக்காது.

இருவருக்கும் ஒரே அலுவலகம். மருத்துவமனைகளில் சொட்டுச் சொட்டாக மருந்து ஏற்றும் கருவிக்கு மென்பொருள் எழுதுகிறோம். எந்த வரியை யார் எழுதினார் என்பது பெயரோடு பதிவாகிக்கொண்டே வரும். அந்தப் பழைய பதிவுகளையே திருத்தி எழுதவும் ஒரு நிரல் உண்டு. கறுப்புத் திரையில் ஒரு கட்டளை தட்டினால் போதும். யாரோ மறந்து பதிவுக்குள் விட்டுவைத்த கடவுச்சொல்லை அப்படித் துடைத்தெடுக்கும்படி மேலாளர்தான் என்னிடம் சொன்னார்.

அதற்கு முந்தைய வாரம் ஒரு கருவி பத்து மடங்கு மருந்தை இறக்கியிருந்தது. பிரசவத்துக்கு வந்த பெண், பிழைக்கவில்லை. தசமப் புள்ளி இடம் மாறிய அந்த வரி என்னுடையது. அப்போது விசாரணைக்கு இன்னும் யாரும் வந்திருக்கவில்லை. கடவுச்சொல்லைத் துடைத்தேன், கையோடு அந்த வரியிலிருந்த என் பெயரை எடுத்துவிட்டு மச்சினன் பெயரை வைத்தேன். பழைய நகலை அழித்துப் புதிதை இறக்கிக்கொள்ளுங்கள் என்று அலுவலகத்தில் எல்லோரிடமும் சொன்னேன். அத்தனை பேரும் செய்தார்கள். அவன் மட்டும் விடுப்பில் இருந்தான். எனக்கு அது நினைவில்லை.

அவனைக் கைதுசெய்ய உங்கள் போலீஸ்காரர்கள் வந்தபோது என்னை மாடிப்படி ஓரம் கூப்பிட்டான்.

“பழசு என் லேப்டாப்ல இருந்துது அத்தான். பாத்துட்டேன். இப்ப அழிச்சுட்டேன். அக்காவுக்குத் தெரிய வேண்டாம்.”

மறுபடியும் கொடுத்துவிட்டான், பாருங்கள். நான் கேட்டேனா? முதலில் வாங்கியதையே சுமக்க முடியாதவன் தலையில் இன்னொன்றையும் ஏற்றிவிட்டு, நல்ல பிள்ளையாகச் சிறைக்குப் போய்விட்டான். எத்தனை நாள் பொறுப்பது?

எழுதிக்கொள்ளுங்கள். வரி என்னுடையது, பெயரை மாற்றியவனும் நான்தான். அந்தப் பெண்ணா? அது கைப்பிழை, ஐயா. அதைக் கணக்கில் சேர்க்க வேண்டாம்.

அவனை வெளியே விடும்போது, யார் சொல்லி விட்டீர்கள் என்பதை மறக்காமல் சொல்லுங்கள். நான் வாங்கியது ஒரு சிறுநீரகம். கொடுத்தது முழு ஆயுள். மீதி அவன்தான் எனக்குத் தர வேண்டும்.