ரெண்டு ரூபா ஆட்சேபணை

“ரெண்டு ரூபா கட்டி எங்க அக்காவத் தொலைச்சேன் மச்சான்.”

கடலூரிலிருந்து சிதம்பரம் போகும் பேருந்தில், எனக்கு முன் இருக்கைக்காரர் சொன்னார். தொகுதிகளைப் பிரித்துப்போட்ட பின் வந்த முதல் எம்.பி. தேர்தல் முடிந்த வாரம் அது. சிப்காட் ரசாயன ஆலை நாற்றத்துக்கு மூக்கைப் பொத்தியிருந்த பக்கத்து ஆள் கையை எடுத்தார்.

“என்னா சொல்ற?”

“இதுக்கு முந்துன எம்.பி. எலக்‌ஷன்ல நான் பூத் ஏஜென்ட். அக்கா வூட்டுக்காரரு எதிர்க்கட்சிக்குத்தான் போடுவாருன்னு தெரியும். அவரு உள்ள வந்ததும் ஆள் மாறாட்டம்னு ஆட்சேபணை பண்ணிட்டேன். அதுக்குக் கட்டுனதுதான் ரெண்டு ரூபா.”

“சொந்த மாமாவையா?”

“இவர உங்களுக்குத் தெரியுமான்னு ஆபீசர் கேட்டாரு. தெரியாதுன்னேன்.”

“அடப்பாவி. அப்புறம்?”

“ரேஷன் கார்டக் காட்டி ஓட்டப் போட்டுட்டு, என்னைத் திரும்பிக்கூடப் பாக்காம போய்ட்டாரு. பொம்பளைங்க வரிசையில நின்ன அக்கா எல்லாத்தயும் கேட்டுடுச்சு. ‘அவரத் தெரியலன்னா என்னையும் உனக்குத் தெரியாதுடா’ன்னுச்சு. அஞ்சு வருஷமாச்சு. தாய்மாமன் நான் இருக்கேன், அது பொண்ண வேற யாரு மடியிலயோ உக்கார வச்சுக் காது குத்துனாங்க.”

ஆலப்பாக்கம் தாண்டியதும் பக்கத்து ஆள் கேட்டார்.

“அந்தத் தடவ உன் ஆளு ஜெயிச்சாரா?”

“ஜெயிச்சாரு. அப்ப நாம சிதம்பரம் தொகுதி. இப்ப நம்ம ஊரக் கடலூர்ல சேத்துட்டாங்க, அவருக்கும் நமக்கும் சம்மந்தமே இல்ல. அக்கா வூடு மட்டும் இன்னமும் எதுத்த வூடுதான்.”