ஹில்டிங்கின் காதுக் கவசம்

பகல் பன்னிரண்டு மணி. அக்டோபர் கடைசி. கரடிக்கல் என்ற வேட்டைப் பாறைக்குப் போகும் காட்டுச் சாலை... நாலு கிலோமீட்டர். வழியில் ஒரு வீடு கிடையாது. ஒரு விளக்கு கிடையாது. இரண்டு பக்கமும் ஊசியிலை மரங்கள். சூரியன் அப்போதே கிளைகளுக்குக் கீழே இறங்கியிருந்தது. மைனஸ் பதினொன்று.

அந்தச் சாலையில் இங்கெலா தன்னந்தனியாக நடந்துகொண்டிருந்தாள். தோளில் துப்பாக்கி. முதுகில் மடக்கு முக்காலி. கழுத்தில் செத்துப்போன அப்பா ஹில்டிங்கின் காதுக் கவசம். நாலு சக்கர பைக்கில் கொண்டுபோய் விடுகிறேன் என்று டோர்கெல் சொல்லிப் பார்த்தான். அவன்தான் வேட்டைக் குழுவின் தலைவன்.

"உன் வண்டில ஏறுறதுக்குப் பதிலா நான் தவழ்ந்தே போயிக்கிறேன்" என்று சொல்லிவிட்டு அவள் நடந்தாள்.

இதை எனக்குச் சொன்னவன் ரூனே. இங்கெலா அவனுக்குச் சித்தி. மரம் ஏற்றும் லாரி ஓட்டுகிறவள். நாற்பத்தாறு வயது. பேய், பிசாசு என்று யாராவது ஆரம்பித்தால் எழுந்து போய்விடுகிற பெண்பிள்ளை. அதனால்தான் நானும் நம்புகிறேன். அந்தக் கதவைச் சாத்திவிட்டு வா... காற்று வருகிறது.

அந்தக் காதுக் கவசத்தைப் பற்றிச் சொல்லியாக வேண்டும். ஹில்டிங்கின் எழுபதாவது பிறந்தநாளுக்கு இங்கெலா வாங்கிக் கொடுத்தது. எட்டாயிரம் குரோனர். "இந்தக் காசுக்கு ஒரு பழைய காரே வாங்கியிருக்கலாமே, பைத்தியக்காரி" என்று கிழவர் ஒரு வாரம் திட்டினார். பிறகு காதைவிட்டுக் கழற்றவில்லை. வெடிச் சத்தத்தை அது அடைத்துவிடும். சின்னச் சத்தத்தைப் பெருக்கிக் கொடுக்கும். பாசிக்கு அடியில் எலி ஓடுவது கேட்கும். இருநூறு மீட்டருக்கு அப்பால் எல்க் மான் ஒன்று குட்டையின் மேல் பனிக்கட்டியை மிதித்தால்... 'டிக்'... அது கேட்கும். உள்ளேயே வாக்கி டாக்கி வேறு. பட்டனை அழுத்தினால் குழு முழுக்கப் பேசலாம். அந்த வருஷமே இரண்டு மான் அடித்தார். "குடுத்த காசுக்கு ஒரு குரோனா கூட வீண் இல்ல" என்று பார்ப்பவரிடமெல்லாம் சொல்லிக்கொண்டு திரிந்தார்.

அந்தக் கவசம்தான் அவரைக் கொன்றது என்று ஊர் சொன்னது. இங்கெலாவுக்கு வயிறு எரிந்தது அதற்குத்தான்.

நடந்தது இதுதான். முந்தின வருஷம், இதே வாரம், இதே கரடிக்கல். டோர்கெல் காலையில் கிழவரைத் தன் வண்டியில் கொண்டுவந்து விட்டான். சாயங்காலம் நானே வந்து கூட்டிப் போகிறேன் என்றான். இங்கே ஒரு சட்டம் உண்டு, உங்களுக்கே தெரியும். தலைவன் 'முடிந்தது' என்று சொல்லும்வரை யாரும் இடத்தைவிட்டு நகரக்கூடாது. எவன் துப்பாக்கி எந்தப் பக்கம் பார்த்திருக்கிறதோ, யார் கண்டது? ஹில்டிங் ஐம்பது வருஷம் அந்தச் சட்டத்தை மீறியதில்லை. சிறுநீர் முட்டினாலும் உட்கார்ந்திருப்பார்.

மறுநாள் காலையில் அவரைக் கண்டுபிடித்தபோதும் உட்கார்ந்துதான் இருந்தார். கல்லில் சாய்ந்து. கண் திறந்தபடி. விறைத்துப்போய்.

மத்தியானம் இரண்டரைக்கே வாக்கி டாக்கியில் சொல்லிவிட்டேன் என்றான் டோர்கெல். மற்ற எட்டுப் பேரும் ஆமாம், ஆமாம் என்று தலையாட்டினார்கள். போலீஸ் எழுதிக்கொண்டு போனது. கிழவரின் பேட்டரி குளிரில் செத்திருக்கும், பாவம், கேட்டிருக்காது. அவ்வளவுதான், கேஸ் முடிந்தது.

அடக்கம் முடிந்து எல்லாரும் காப்பி குடிக்கும்போது டோர்கெல் அவள் தோளில் கை வைத்தான். "நீ நல்ல எண்ணத்துலதான் வாங்கிக் குடுத்த, இங்கெலா. சாமான் சரியில்ல. அதுக்கு நீ என்ன பண்ணுவ? மனசைத் தேத்திக்கோ."

ஆடு நனைகிறதே என்று ஓநாய் அழுத கதைதான். அவள் அந்தக் கையை எடுத்துக் கீழே விட்டாள். முந்தின நாள் புது பேட்டரி போட்டவளே அவள்தான். ஆஸ்பத்திரியில் பையில் போட்டுக் கொடுத்தபோதும் பச்சை விளக்கு எரிந்துகொண்டிருந்தது. அதைவிடப் பெரிய விஷயம்... கிழவரின் மடியில் கிடந்த துப்பாக்கியில் மூன்று தோட்டாவும் உள்ளேயே இருந்தன. 'முடிந்தது' என்று கேட்ட நொடியில் தோட்டாவை உருவாத வேட்டைக்காரன் இந்த ஊரில் எவன் இருக்கிறான்? அவர் கேட்கவில்லை. ஏனென்றால் எவனும் சொல்லவில்லை. அவள் இதை எல்லாரிடமும் சொன்னாள். "வயசானவரு, மறந்திருப்பாரு" என்றார்கள். ஊர் வாயை மூட உலைமூடி ஏது?

ஒரு வருஷம் அந்தப் பழியைச் சுமந்தாள். கடையில் ரொட்டி வாங்கப் போனால்கூட முதுகுக்குப் பின்னால் முணுமுணுப்பு. கடைசியில் குழுவில் அப்பாவின் இடத்துக்குத் தன் பேரைக் கொடுத்தாள். அன்று காலையில் இடம் பிரிக்கும்போது கரடிக்கல்லை யாரும் கேட்கவில்லை. அவள் கேட்டு வாங்கினாள்.

அங்கேதான் போய் உட்கார்ந்தாள். காதுக் கவசத்தை மாட்டி, சத்தத்தைக் கூட்டினாள்.

காடு அப்படியே காதுக்குள் வந்தது. மரப்பட்டையில் ஒரு பறவையின் நகம்... எங்கோ குட்டையில் பனிக்கட்டி முறுகும் சத்தம்... அவள் கழுத்து நரம்பு துடிப்பது. ஒரு மணி நேரம் போனது. இன்னும் ஒரு அரை மணி.

இரண்டரைக்குச் சட்டைப் பையில் போன் அதிர்ந்தது. எடுத்துப் பார்த்தாள். குழுவுக்கு டோர்கெல் அனுப்பிய செய்தி: 'முடிந்தது. எல்லாரும் குடிலுக்கு வாங்க.'

போனில். வாக்கி டாக்கியில் இல்லை, போனில்.

அவளுக்கு ரத்தம் தலைக்கேறியது. ஹில்டிங்கிடம் இருந்த போன் அரதப் பழசு. சமையலறை மேசையைவிட்டு அது நகர்ந்ததே இல்லை. அது இந்தக் காட்டில் ஒவ்வொருவனுக்கும் தெரியும். போன வருஷமும் இப்படித்தான் செய்தி போட்டிருக்கிறான். அன்றைக்கு அவனே ஒரு பெரிய ஆண் மானை அடித்திருந்தான். அந்தச் சந்தோஷம், அப்புறம் குடி. கிழவரை மறந்துவிட்டான். எட்டுப் பேர் போனிலும் அந்தச் செய்தி இருந்திருக்கிறது. எட்டுப் பேரும் பார்த்திருக்கிறார்கள். ஒரு வருஷமாக முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைத்திருக்கிறார்கள்.

எழுந்தாள். துப்பாக்கித் தாழை இழுத்துத் தோட்டாவை உருவப் போனாள்...

கர்ர்ர்ர். காதில் வாக்கி டாக்கி திறக்கும் சத்தம்.

முதலில் மூச்சு மட்டும். இழுத்து இழுத்து விடுகிற மூச்சு. பிறகு சுற்றிலும் வாசனை... தார் எண்ணெய். அப்பா தன் தோல் பூட்ஸுக்குப் போடுவது. அவள் பூட்ஸ் ரப்பர்.

"டோர்கெல்... கரடிக்கல்லேர்ந்து பேசறேன். முடிஞ்சுதா?"

அவள் உட்கார்ந்திருந்த இடம்தான் கரடிக்கல். சுற்றிப் பார்த்தாள். ஒரு ஆள் இல்லை. பனியில் அவளுடைய தடம் மட்டும்.

ஐந்து நிமிஷம் போனது. "டோர்கெல்... கரடிக்கல். முடிஞ்சுதா?" கோபம் இல்லாத குரல். சிரமம் கொடுக்கிறோமே என்கிற மாதிரிக் குரல். அதுதான் அவளை உடைத்தது. பட்டனை அழுத்தினாள்.

"அப்பா. நான்தான். எல்லாம் முடிஞ்சுது. வீட்டுக்கு வாங்க."

கர்ர்ர்ர். பிறகு, மெதுவாக, "அது தலைவர் சொல்லணும், பொண்ணே."

அந்த நாலு கிலோமீட்டரை அவள் எப்படித் திரும்பி நடந்தாள் என்று அவளுக்கே ஞாபகம் இல்லை. வழியெல்லாம் காதில் அந்தக் கேள்வி. ஐந்து நிமிஷத்துக்கு ஒரு தடவை.

குடிலில் எல்லாரும் எங்கள் ஊர் வழக்கப்படி காப்பியில் பாலாடைக்கட்டித் துண்டு போட்டு, கரண்டியால் கிண்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தார்கள். டோர்கெல் ஏதோ சொல்லிச் சிரித்துக்கொண்டிருந்தான். அவனுடைய வாக்கி டாக்கி அலமாரியில், அணைந்து கிடந்தது. இங்கெலா யாரையும் பார்க்கவில்லை. நேராகப் போய் அதை எடுத்தாள். சத்தத்தை முழுசாகக் கூட்டினாள். அவன் முன்னால் மேசையில் வைத்தாள்.

"என்ன இது?" என்றான்.

"உன்னைத்தான் கூப்பிடறாங்க. பதில் சொல்லு."

"உனக்கு மனசு சரியில்ல, இங்கெலா. வீட்டுக்குப் போயி..."

கர்ர்ர்ர். "டோர்கெல்... கரடிக்கல். முடிஞ்சுதா?"

ஒருவன் கையிலிருந்து கரண்டி விழுந்தது. எல்லாருக்கும் அந்தக் குரல் தெரியும். ஐம்பது வருஷம் கூடவே வேட்டைக்குப் போனவரின் குரல். டோர்கெல் முகம் சுண்ணாம்பாக வெளுத்துவிட்டது.

"சொல்லு" என்றாள்.

அவன் பட்டனை அழுத்த மூன்று தடவை முயன்றான். "மு... முடிஞ்சுது, ஹில்டிங்."

"அப்படியா? எப்ப முடிஞ்சுது?"

இங்கெலா குனிந்து அவன் முகத்துக்கு நேராகத் தன் முகத்தை வைத்தாள். "எங்கப்பா கேக்கறாரு இல்ல? எப்ப முடிஞ்சுது? சொல்லுடா."

"போன வருஷம்" என்றான் டோர்கெல். அழுதுகொண்டிருந்தான். "போன வருஷம், ரெண்டரைக்கு. வாக்கி டாக்கில சொல்லல. மறந்துட்டேன், ஹில்டிங்."

"சரி" என்றது குரல். பிறகு துப்பாக்கித் தாழ் இழுபடும் சத்தம். தோட்டா ஒன்று விழுந்தது... இன்னொன்று... மூன்றாவது. அப்புறம் ஒரு செருமல். "கூட்டிட்டுப் போறேன்னியே. வண்டி எப்ப வரும்?"

எட்டுப் பேரும் தரையைப் பார்த்தார்கள். அவர்களில் சமையல் பார்க்கும் பெரியே என்பவர்தான் வாயைத் திறந்தார். "போ, டோர்கெல். நீதானே வரேன்னு சொன்ன."

"நீங்களும் பார்த்தீங்க! உங்க எல்லார் போன்லயும் இருந்துச்சு!" என்று கத்தினான் டோர்கெல். அவன் குழுவின் பெயர்ப் பட்டியலைப் பையிலிருந்து பிடுங்கி இங்கெலாவின் மேல் எறிந்தான். "இந்தா. இனிமே நீயே தலைவரா இருந்துக்கோ." வாக்கி டாக்கியை எடுத்துக்கொண்டு வெளியே போனான். வண்டிச் சத்தம் காட்டுக்குள் போய்த் தேய்ந்தது.

இங்கெலா தன் காதுக் கவசத்தை மேசையில் வைத்து, சத்தத்தைக் கூட்டிவிட்டு உட்கார்ந்தாள். வெளியே இருட்டிவிட்டது. நாலரைக்கு அது திறந்தது. இந்தத் தடவை வேறு குரல்.

"தலைவரே... கரடிக்கல்லேர்ந்து டோர்கெல். முடிஞ்சுதா?"

ஐந்து நிமிஷம். மறுபடியும் அதே கேள்வி. பற்கள் தடதடவென்று அடித்துக்கொள்ளும் சத்தம் நடுவில் கேட்டது.

"இங்கெலா, பதில் சொல்லும்மா" என்றார் பெரியே.

"ஒரு வருஷம் எட்டுப் பேரும் வாயைத் திறக்கல இல்ல?" என்றாள் அவள். "இன்னும் கொஞ்ச நேரம் திறக்காம இருங்க."

கடைசியில் அவர்களே விளக்கை எடுத்துக்கொண்டு காரில் போனார்கள். வண்டி சாலையோரம் நின்றிருந்தது, என்ஜின் ஓடிக்கொண்டே. டோர்கெல் கல்லில் சாய்ந்து உட்கார்ந்திருந்தான். உயிர் இருந்தது. மடியில் இல்லாத துப்பாக்கியை இரண்டு கையாலும் பிடித்திருந்தான். எழுந்திரு என்றால், "தலைவர் இன்னும் சொல்லல" என்றான். நாலு பேர் சேர்ந்து தூக்கி வந்தார்கள்.

இங்கெலா வீட்டுக்குப் போனபோது முற்றத்தில் புதுப் பனி விழுந்திருந்தது. காட்டுப் பக்கமிருந்து ஒரு ஜோடி பூட்ஸ் தடம் வாசல்வரை வந்திருந்தது. திரும்பிப் போன தடம் இல்லை. உள்ளே ஈரக் கம்பளி, தார் எண்ணெய் வாசனை. அவள் கதவைத் தாழிட்டுவிட்டு, ஒரு வருஷத்துக்குப் பிறகு விடிய விடியத் தூங்கினாள்.

டோர்கெல் இப்போது டவுனில் முதியோர் இல்லத்தில் இருக்கிறான். ஜன்னல் ஓர நாற்காலி. மத்தியானம் இரண்டரை ஆனால் ஆரம்பித்துவிடுவான். "முடிஞ்சுதா?" நர்ஸ்கள் முடிந்தது, முடிந்தது என்று நூறு தடவை சொல்லியாகிவிட்டது. தலைவர் சொல்லணும் என்பான். வேட்டைக் குழுவுக்கு இன்றைக்கும் இங்கெலாதான் தலைவி. அவள் லாரி தினமும் அந்த இல்லத்தின் வாசலைத் தாண்டித்தான் போகிறது.

ரூனே கேட்டிருக்கிறான். "உள்ள போயிட்டு வாயேன், சித்தி. ஒரு வார்த்தைதானே?"

"ஆமா" என்றாளாம். "எங்கப்பாவுக்கும் ஒரு வார்த்தைதான் வேண்டியிருந்துச்சு." கியரை மாற்றிப் போய்க்கொண்டே இருந்தாளாம்.

அந்த இல்லத்தில் ரூனேயின் மனைவி வேலை பார்க்கிறாள். அவள் சொன்னது இது. ஜூலை மாதம். நல்ல வெயில். எல்லாரும் விசிறிக்கொண்டு உட்கார்ந்திருக்கிறார்கள். டோர்கெலின் இமை முடியில்... உறைபனி. வெந்நீரில் துணி நனைத்துத் துடைத்துவிடுகிறாள். அரை மணி நேரத்தில் மறுபடியும் வந்துவிடுகிறதாம்.